வாங்கிய வீட்டோடு வந்த சாஃப்டனர்: கழற்றிப் போடுவதா, பராமரிப்பதா?

துடியலூர் குடியிருப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கோவை துடியலூர் பக்கம், எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு வீட்டை வாங்கி அண்மையில் குடிவந்திருக்கிறோம். மாடியில் குழாயில் வரும் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டியும், போர் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றும் இருக்கின்றன. போர் மோட்டாரிலிருந்து வரும் குழாய் முதலில் மணல் வடிகட்டிக்குள் போய், பிறகு மாடிப்படிக்கு அடியில் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஒரு நீலத் தொட்டிக்குள் நுழைந்து, அதற்கப்புறம்தான் மேலே ஏறுகிறது. அதுதான் கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்டனர் என்று சொன்னார்கள். அதன் தலையில் கைப்பிடி வைத்த கறுப்பு வால்வு ஒன்று இருக்கிறது. எந்த நிலையில் என்ன நடக்கும் என்று ஒட்டியிருந்த தாள் முழுவதும் வெளுத்துவிட்டது. பக்கத்தில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் உப்பு இறுகிக் கிடக்கிறது. வீட்டை விற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கையேடு எதுவும் கைக்கு வரவில்லை.

குளியலறைக் குழாய்களின் வாயில் வெள்ளைப் படிவு, கீசர் சூடாகத் தாமதம், துணி துவைத்தால் விறைப்பு என்று எல்லாத் தொல்லையும் இருக்கிறது. சர்வீஸுக்கு வந்தவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தார். சாஃப்டனருக்கு முன்னால் 1,150, பின்னால் 1,160 காட்டியது. "மெஷின் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா? இதைச் சரிசெய்து பயன்படுத்த வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்பூர் சாஃப்டனர் பணியாளர்:

ஐயா, தயவுசெய்து அவசரப்பட்டு எதையும் கழற்றிப் போட வேண்டாம். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடின நீரில் சாயம் ஏற்றினால் துணியில் நிறம் திட்டுத் திட்டாக விழும் என்பதால், சாஃப்டனரைக் கவனிப்பதே எங்கள் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், டிடிஎஸ் மீட்டரை வைத்துச் சாஃப்டனர் வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவு சொல்லவே முடியாது.

தொட்டிக்குள் ரெசின் எனப்படும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மணிகள் இருக்கின்றன. அந்த மணிகளில் சோடியம் ஒட்டியிருக்கும். கடின நீர் உள்ளே போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் மணியில் ஏறிக்கொள்ள, சோடியம் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்களோ அத்தனை பேர் ஏறிக்கொள்ளும் பேருந்தைப் போன்ற கணக்கு இது. கூட்டம் குறையவே குறையாது. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை விட்டால் சோடியம் மறுபடி ஏறிக்கொள்ளும், கால்சியமும் மெக்னீசியமும் கழிவு நீரோடு போய்விடும்; பக்கத்தில் உப்புத் தொட்டி இருப்பது அதற்குத்தான். ஆகவே புத்தம் புதிய சாஃப்டனரை வைத்தாலும் உங்கள் டிடிஎஸ் 1,150ஐ ஒட்டியேதான் நிற்கும். அந்தப் புதிய மெஷினையும் இதே மீட்டரால் பார்த்தால் "போய்விட்டது" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவை மட்டும். தண்ணீர்ப் பரிசோதனைப் பொருள் விற்கும் கடைகளில் சொட்டுக் கணக்கில் பார்க்கும் கடினத்தன்மைக் கிட் கிடைக்கும். சாஃப்டனருக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்கள் கைக்கு வந்துவிட்டால் கையேடு இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஈரோடு வேதியியல் ஆசிரியை:

மேலே சொன்னது முற்றிலும் சரி. கணக்காகவும் பார்த்துவிடலாம். கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் அளவாக, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்போம். அந்த அளவில் 100 மில்லிகிராம் நீக்கும்போது 40 மில்லிகிராம் கால்சியம் வெளியேறி, 46 மில்லிகிராம் சோடியம் உள்ளே வருகிறது. எடை சிறிதளவு கூடத்தான் செய்யும். உங்கள் மீட்டர் பத்து அதிகம் காட்டியதற்காக மெஷினைக் குறை சொல்ல முடியாது.

கிட்டில் பெரும்பாலும் மூன்று புட்டிகள் இருக்கும். முதலாவது தண்ணீரின் காரத்தன்மையை நிலைநிறுத்தும் கரைசல். அடுத்தது எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி. மூன்றாவது, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசல். முதல் இரண்டையும் விட்டதும் கடின நீர் திராட்சைச் சாற்றின் சிவப்புக்கு மாறும். பிறகு ஈடிடிஏவை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். சிவப்பின் சாயல் துளியும் இல்லாமல் தெளிந்த நீலமாகும் இடத்தில் நிறுத்தி, சொட்டுகளை எண்ண வேண்டும். ஊதா நிறம் வந்ததும் நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அது முடிவுப் புள்ளி அல்ல. நன்றாக வேலை செய்யும் சாஃப்டனரின் தண்ணீரில் நிறங்காட்டியை விட்டதுமே நீலம் வந்துவிடும். ஈடிடிஏவுக்கு வேலையே இருக்காது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐஎஸ் 10500, 2012) கடினத்தன்மை 200 வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. கொங்கு நாட்டுப் போர் தண்ணீரில் அந்த 600ஐத் தாண்டுவது புதிதல்ல. மதுக்கரையில் சிமென்ட் ஆலை அமையும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடக்கிற பூமி நம்முடையது. கிட்டில் நம்பிக்கை வராவிட்டால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கோபி வாசகர்:

குழாயைச் சுற்றி மாட்டும் காந்தக் கருவியோ, எலக்ட்ரானிக் கருவியோ வாங்கிவிட்டால் உப்பும் வேண்டாம், ரெசினும் வேண்டாம் என்கிறார்களே. அதைப் பார்க்கலாமே?

ஈரோடு வேதியியல் ஆசிரியை:

அந்தக் கருவிகள் கால்சியத்தையோ மெக்னீசியத்தையோ தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை. கருவிக்கு முன்னும் பின்னும் இதே கிட்டால் பார்த்தால் ஒரே எண்தான் வரும். படிவம் ஒட்டாமல் தடுக்கும் என்று சொல்லப்படுவதற்கும் ஆய்வுகளில் ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை. கையில் வேலை செய்யக்கூடிய ரெசின் தொட்டி இருக்கும்போது அதில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துடியலூர் குடியிருப்பாளர்:

கிட் வாங்கிப் பார்த்தேன். முன்னால் 620, பின்னால் 590. அதாவது சாஃப்டனர் கிட்டத்தட்ட எதையுமே எடுக்கவில்லை. ரெசின் செத்துவிட்டதா, அல்லது உப்பு கிடைக்காமல் கிடக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வால்வைத் திருப்பவே தயக்கமாக இருக்கிறது. தொட்டியின் அடியில் 1054 என்று ஓர் எண் மட்டும் தெரிகிறது.

பொள்ளாச்சி பிளம்பர்:

ஐயா, 1054 என்றால் பத்து அங்குல விட்டம், ஐம்பத்து நான்கு அங்குல உயரம். அந்தத் தொட்டியில் வழக்கமாக 40 லிட்டர் அளவுக்கு ரெசின் போடுவோம். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். பேக்வாஷ் கொடுக்கும்போது, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு அலசும்போது, மணிகள் எழும்பிப் புரள இடம் வேண்டுமல்லவா?

தாள் வெளுத்துப்போன வால்வை அறிந்துகொள்ள இதைச் செய்யுங்கள். வால்வைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அழுத்தம் இருக்கும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் அறுந்துவிடும். வால்விலிருந்து கழிவு நீர் போகும் குழாயின் முனையை ஒரு வாளிக்குள் விடுங்கள். உப்புத் தொட்டிக்குப் போகும் மெல்லிய குழாயை எடுத்து, சாதாரணத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு வாளியில் வையுங்கள். இப்போது ஒவ்வொரு நிலையாக மாற்றி, மோட்டாரைப் போட்டுப் பாருங்கள்.

கழிவுக் குழாயில் ஒன்றுமே வராமல் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறினால் அது சர்வீஸ் நிலை (தண்ணீர் ரெசின் வழியாகப் போவது), அல்லது பைபாஸ் (ரெசினைத் தொடாமல் நேராகப் போவது). இரண்டையும் வேறுபடுத்துவது பிறகு, உப்பு கொடுத்த பின் கிட்டைக் கொண்டு செய்யலாம். கழிவுக் குழாயில் தண்ணீர் வேகமாக, முதலில் கலங்கலாக வந்தால் அது பேக்வாஷ். வேகமாக, ஆனால் கலங்கல் இல்லாமல் வந்தால், மிச்ச உப்பை அலசி வெளியேற்றும் ஃபாஸ்ட் ரின்ஸாக இருக்கும். கழிவுக் குழாயில் தண்ணீர் மெலிதாக வந்துகொண்டே, மெல்லிய குழாய் வைத்த வாளியில் மட்டம் இறங்கினால் அதுதான் உப்பு இழுக்கும் நிலை. அதே மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் வாளிக்குள் வந்து விழுந்தால் அது உப்புத் தொட்டியை நிரப்பும் நிலை. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் பெயிண்டால் வால்வின் மேலேயே எழுதிவிடுங்கள்.

மெலிதான நிலையில் வாளியின் மட்டம் இறங்கவே இல்லையென்றால் உங்கள் நோய் அங்கேதான். வால்வின் பக்கவாட்டில் இருக்கும் சிறு மூடியைக் கழற்றினால் உள்ளே இன்ஜெக்டர் இருக்கும். குண்டூசி போகும் அளவுக்கு ஒரு துளையும், அதற்கு முன்னால் ஒரு சிறு வலையும் இருக்கும். மணல் வடிகட்டியிலிருந்து தப்பி வரும் துகள்கள் அங்கேதான் அடைக்கும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி உறிஞ்சும் சக்தி போய்விடும், ஆகவே பழைய பல் துலக்கியால் தேய்த்துத் தண்ணீரால் அடித்துக் கழுவினால் போதும்.

இன்னொன்று. சப்மெர்சிபிள் மோட்டாரின் வேகம் முழுவதையும் பேக்வாஷில் விட்டால் ரெசினே சாக்கடைக்குப் போய்விடும். முன்னால் இருக்கும் வால்வைப் பாதி மூடி வைத்து, கழிவுத் தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். துணியில் தேன் நிற மணிகள் தங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

திருப்பூர் சாஃப்டனர் பணியாளர்:

அண்ணன் சொன்ன முறை அருமையானது. அத்துடன் உப்புத் தொட்டியையும் சேர்த்துப் பாருங்கள். மேலே உப்பு இருப்பதைப் பார்த்து நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஈரத்தில் உப்பு ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு மேலே கூரையாக நிற்கும். அடியில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கும். மெஷின் இழுப்பது அந்த வெறும் தண்ணீரைத்தான். ஒரு மரக்கம்பால் மெதுவாகக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கடப்பாரை போட்டு இடித்தால் தொட்டி ஓட்டையாகும்.

சரிசெய்தபின் உப்பு கொடுக்கும் முறை (ரீஜெனரேஷன்) இதுதான். பேக்வாஷ் பத்து நிமிடம், அல்லது தண்ணீர் தெளியும் வரை. பிறகு உப்புக் கரைசலை மெதுவாக இழுக்கவிட வேண்டும்; கரைசல் தீர்ந்தபின்னும் அதே நிலையில் வெறும் தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கட்டும். இரண்டும் சேர்ந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இந்த இடத்தில் அவசரம் காட்டினால் போட்ட உப்பில் பாதி வேலை செய்யாமலே சாக்கடைக்குப் போகும். கடைசியில் ஃபாஸ்ட் ரின்ஸ், வாயில் வைத்தால் உப்புக் கரிக்காத வரை. மொத்தத்தில் இந்த அளவு தொட்டிக்கு 300 லிட்டர் வரை தண்ணீர் செலவாகும்.

உப்பின் அளவு லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 4 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் அளவுக்குத்தான் உப்பு கரையும் என்பதால், 4 கிலோ கரைய 11 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். நீண்ட நாள் பட்டினி கிடந்த ரெசின் என்பதால் முதல் தடவை மட்டும் இரட்டிப்பாக, 8 கிலோ கொடுங்கள். அதற்கு மேல் வழக்கமாகவே அதிகம் கொட்டுவதில் பயன் இல்லை. லிட்டருக்கு 100 கிராம் கொடுத்தால் ரெசின் சுமார் 46 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உப்பை 240 கிராமாகக் கூட்டினால் 69 கிராம் வரைதான் பிடிக்கும். இரண்டரை மடங்கு உப்புக்கு ஒன்றரை மடங்கு பலன்.

பல்லடம் இல்லத்தரசி:

எங்கள் வீட்டிலும் இதே வகைதான், பல ஆண்டுகளாக ஓடுகிறது. எந்த உப்பைப் போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. நான் தூத்துக்குடிக் கல் உப்பைத்தான் போடுகிறேன். மாத்திரை வடிவ உப்பு கூடுதல் சுத்தமானது, கட்டி பிடிப்பதும் குறைவு, ஆனால் விலை அதிகம். கல் உப்பில் மண்ணும் தூசியும் அடியில் சேறாகத் தங்கும் என்பதால், ஒரு வெள்ளைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியை முழுவதும் கழுவிவிடுவேன். சமையலுக்கு வாங்கும் தூள் உப்பைப் போடவே கூடாது. அது களியாகி அடியில் உறைந்துவிடும். தொட்டி நிறைய உப்பைக் கொட்டி வைப்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எடை போட்டுப் போடுவது நல்லது. நம் சமையலறைத் தராசே போதும்.

துடியலூர் குடியிருப்பாளர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுகளும் இருந்தன. உப்பின் மேல் பரப்பைக் கம்பால் குத்தியதும் ஒரு முழ ஆழத்துக்கு உள்ளே இறங்கியது. அடியில் கறுப்புச் சேறும், கரிப்பே இல்லாத தண்ணீரும் இருந்தன. இன்ஜெக்டரின் வலையில் மணலும் துருவும் சேர்ந்து ஒரு பில்லையாக இறுகியிருந்தன. கழுவி மாட்டியதும் வாளியின் மட்டம் கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது.

8 கிலோ உப்பு கொடுத்து முடித்தபின் கிட்டில் பார்த்தேன். நிறங்காட்டியில் மெல்லிய சிவப்பு வந்து, ஈடிடிஏ ஒரே சொட்டில் நீலமாகிவிட்டது. கடினத்தன்மை 20க்குள்தான். டிடிஎஸ் மீட்டரில் மட்டும் அதே எண்! பிறகு வழக்கமான 4 கிலோவில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்றும் பார்த்துவிட்டேன். மாடித் தொட்டி இரண்டு முறை நிரம்பும் வரை மாற்றம் இல்லை. மூன்றாவது முறை பாதி நிரம்பும்போது 100ஐத் தாண்டியது. அப்படியென்றால் 2,500 லிட்டர். இது போதுமான அளவா? பேக்வாஷில் வந்த சில மணிகள் தேன் நிறத்தில் இல்லாமல் பழுப்பாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரோடு வேதியியல் ஆசிரியை:

கணக்குப் போடுவோம். 40 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 46 கிராம், மொத்தம் 1,840 கிராம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.62 கிராம். வகுத்தால் 2,970 லிட்டர் வருகிறது. உங்களுக்குக் கிடைப்பது 2,500, அதாவது ஆறில் ஐந்து பங்கு. எட்டு ஆண்டான ரெசினுக்கு இது நல்ல நிலைதான். இப்போது மாற்றத் தேவையே இல்லை. பாதிக்குக் கீழே போனால் அப்போது ரெசினை மட்டும் மாற்றலாம். தொட்டியையோ வால்வையோ தொட வேண்டியதில்லை.

நகர வீடுகளுக்கு ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் எடுத்துக்கொள்ளப்படும் அளவு. உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் 675. ஆகவே மூன்று நாட்களுக்கு ஒரு முறை உப்பு கொடுத்தால் பாதுகாப்பாக இருக்கும். கோடை முடிவில் ஒரு முறையும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறையும் போர் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அந்த எண்ணும் மாறும்.

திருப்பூர் சாஃப்டனர் பணியாளர்:

பழுப்பு நிறம் இரும்பினால் வருவது. போரிலிருந்து வரும்போது தெளிவாக இருந்து, வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளாகும் தண்ணீரில் இது நேரும். பட்டறையில் இதற்கு ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துச் சுத்தம் செய்வோம். அதன் நெடி மூச்சை அடைக்கும், வீட்டில் யாரும் முயல வேண்டாம். வீட்டுக்குச் சிட்ரிக் அமிலம் போதுமானது. தண்ணீரில் கரைத்து, உப்பு இழுக்கும் நிலையில் இழுக்கவிட்டு, மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு நன்றாக பேக்வாஷ் செய்து, வழக்கம்போல் உப்பு கொடுத்து முடியுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை செய்தால் ரெசின் நீண்ட காலம் வரும்.

தாராபுரம் தென்னை விவசாயி:

இதுவரை எல்லோரும் உப்பை எப்படி உள்ளே கொடுப்பது என்று எழுதினீர்கள். அது எங்கே வெளியே போகிறது என்பதையும் பேச வேண்டும். மூன்று நாளுக்கு 4 கிலோ என்றால் மாதம் 40 கிலோ உப்பு. ஓர் ஆண்டில் அரை டன்னுக்கு அருகில். இது ஒரு வீட்டின் கணக்கு. அந்தக் கழிவுத் தண்ணீர் எங்கே விடப்படுகிறது, ஐயா?

துடியலூர் குடியிருப்பாளர்:

கழிவுக் குழாய் இப்போது வீட்டின் பின்புறம் இரண்டு தென்னை மரங்களின் பாத்திக்குப் போகிறது. தென்னைக்கு உப்பு நல்லது என்று முன்பிருந்தவர்கள் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே மழைநீர் சேகரிப்புக் குழியும் இருக்கிறது.

தாராபுரம் தென்னை விவசாயி:

உடனே மாற்றிவிடுங்கள். தென்னை மற்ற மரங்களைவிட உப்பைத் தாங்கும் என்பது உண்மைதான், குழியில் உப்புப் போட்டு நடும் பழக்கமும் உண்டு. ஆனால் ஒரு கைப்பிடி உப்பும், மூன்று நாளுக்கு ஒரு முறை 4 கிலோவும் ஒன்றல்ல. மரம் தாங்கினாலும் மண் தாங்காது. சோடியம் ஏற ஏறக் களிமண்ணின் பொலபொலப்பு போய், மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் ஆகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. பாத்தியில் மண்ணைக் கிளறிப் பாருங்கள், நான் சொல்வது கைக்கே தெரியும். மழைநீர்க் குழிக்குள் போனால் அதைவிடக் கேடு. நீங்கள் போட்ட உப்பு உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும்தான் திரும்பி வரும்.

நொய்யல் ஓரத்து விவசாயிகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த கிணறுகளெல்லாம் உப்பேறியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

திருப்பூர் சாஃப்டனர் பணியாளர்:

ஐயா சொல்வதை நான் மனதார ஏற்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தில் எங்கள் வீடுகளில் அடுப்பெரிவதே பாடாக இருந்தது. ஆனாலும் ஆற்றுக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறுக்க முடியாது. இன்று பட்டறைகள் கழிவு நீரைச் சுத்திகரித்து, உப்பை மீட்டு, மறுபடியும் பயன்படுத்தியாக வேண்டும். வீட்டுச் சாஃப்டனருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்பதற்காக நாம் பொறுப்பில்லாமல் இருக்கக் கூடாது. கழிவுக் குழாயைப் பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் இணையுங்கள். தோட்டத்துக்கோ மழைநீர்க் குழிக்கோ ஒரு துளியும் போகக் கூடாது. அதைவிட முக்கியம், உப்பின் அளவையே குறைப்பது.

பொள்ளாச்சி பிளம்பர்:

குறைக்க எளிய வழி இருக்கிறது. தோட்டக் குழாய்க்கும் கார் கழுவும் குழாய்க்கும் மென்னீர் எதற்கு? சாஃப்டனருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு, போர் தண்ணீரை நேராக அவற்றுக்குக் கொடுத்துவிடலாம். செடிகளுக்கும் அதுதான் நல்லது.

அடுத்து, மாடித் தொட்டிக்குப் போகும் தண்ணீர் முழுவதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. பைபாஸ் குழாயில் ஒரு பால் வால்வைப் பொருத்திக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால், ஒரு பங்கு போர் தண்ணீர் நேராகப் போய்க் கலக்கும். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் தொட்டியில் 140க்குள் நிற்கும். கீசருக்கும் சோலார் ஹீட்டருக்கும் துணி துவைக்கவும் அது தாராளம். சோப்பு போட்டால் உடம்பில் வழுவழுவென்று போகாமல் நிற்கிறது என்று சிலர் குறைப்படுவதும் கலந்துவிட்டால் இருக்காது. உப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கிட்டை வைத்துத் தொட்டித் தண்ணீரைப் பார்த்து, 100க்கும் 150க்கும் நடுவில் வருமாறு வால்வைச் சரிசெய்து, கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்போது யாரும் தெரியாமல் திருப்பிவிட மாட்டார்கள்.

பல்லடம் இல்லத்தரசி:

இந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் எடுக்கலாமா? என் மாமனாருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால் எனக்கு நீண்ட நாளாக இந்தச் சந்தேகம் உண்டு.

ஈரோடு வேதியியல் ஆசிரியை:

அவருக்குக் கொடுக்க வேண்டாம், அம்மா. கடினத்தன்மை 620 உள்ள தண்ணீரை முழுவதும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 285 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேர்கிறது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அது தேவையற்ற சுமை. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். சிறுவாணியோ பில்லூரோ வரும் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நல்ல தண்ணீர் வராத வீடாக இருந்தால் மென்னீரை ஆர்ஓ இயந்திரத்துக்குள் விட்டு எடுக்கலாம். ஆர்ஓ அந்தச் சோடியத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடும், மென்னீர் போவதால் அதன் மெம்பிரேனும் சீக்கிரம் படிவம் பிடிக்காமல் உழைக்கும்.

துடியலூர் குடியிருப்பாளர்:

கழிவுக் குழாயைச் சாக்கடைக்கு மாற்றியாயிற்று. தோட்டக் குழாய்க்குத் தனி இணைப்பும், பைபாஸில் பால் வால்வும் போட்டுவிட்டோம். தொட்டியில் இப்போது 130. தென்னம் பாத்தியின் மண் தாராபுரம் ஐயா சொன்னது போலவே ஓடாக இறுகித்தான் கிடந்தது. அதை எப்படி மீட்பது? கூடவே இன்னொரு கேள்வி: மே மாதம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம், சாஃப்டனரை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா?

தாராபுரம் தென்னை விவசாயி:

ஜிப்சம் போடுங்கள். அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும். சோடியம் வெளியேற நல்ல தண்ணீர் வேண்டும் என்பதால், மழைக்கு முன்னால் போட்டுக் கொத்திவிட்டு, தொழு உரமும் சேர்த்துவிட்டால் மழையே கழுவிவிடும். எவ்வளவு போடுவது என்பதற்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதித்துக் கேளுங்கள். ஒரே பருவத்தில் பழையபடி ஆகிவிடாது, இரண்டு மூன்று மழையாவது ஆகும்.

பொள்ளாச்சி பிளம்பர்:

போவதற்கு முதல் நாள் ஒரு முறை உப்பு கொடுத்து முடித்து, வால்வைப் பைபாஸில் வைத்துவிடுங்கள். தொட்டியில் உள்ள தண்ணீரை மட்டும் இறக்கிவிட வேண்டாம். ரெசின் காய்ந்து மறுபடி நனையும்போது மணிகள் உடையும். திரும்பி வந்ததும் தேங்கிய தண்ணீரில் நாற்றம் இருக்கலாம். உப்புக் கரைசலில் 50 மில்லி வீட்டு பிளீச்சைக் கலந்து ஒரு தடவை ரீஜெனரேஷன் செய்து, நாற்றம் போகும் வரை ரின்ஸ் விடுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள், குளோரின் ரெசினைத் தின்றுவிடும். சிட்ரிக் அமிலம் கொடுக்கும் நாளில் பிளீச்சை எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுக் காற்று வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு ரீஜெனரேஷனாவது உப்பை மட்டும் வைத்து நடந்திருக்க வேண்டும்.